எட்டாவது நாற்காலி: செல்லோக்களோடு ஆறு நாள்

ஜனவரி 14, செவ்வாய், லைப்சிக்

எனக்கு செல்லோ, அதாவது உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின், சொல்லித்தருகிற ஆசிரியர் போன மாதம் வகுப்பு முடிந்து வில்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "உங்களுக்கு வேன் ஓட்ட வருமா?" வரும் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. எட்டு செல்லோக்காரர்கள் சேர்ந்த அவருடைய குழு நான்கு ஊர்களில் வாசிக்கப் போகிறது, வழக்கமாக வண்டி ஓட்டுபவருக்கு முதுகுவலி, ஆள் வேண்டும். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு போட்டேன்.

இன்று காலை டிரெஸ்டனிலிருந்து கிளம்பினோம். எட்டு செல்லோ பெட்டிகளை வேனில் ஏற்றுவது ஒரு தனி வேலை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம் இல்லை என்றாலும் அந்த அகலம் இருக்கிறது. படுக்கவைக்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று சாயக் கூடாது, தந்திகளைத் தாங்கும் குதிரை இருக்கும் பக்கம் எதுவும் அழுத்தக் கூடாது. நிற்கவைத்து, நடுவில் கம்பளி கொடுத்து, பட்டை போட்டு இறுக்கினோம். ஏற்றி முடிக்க 50 நிமிடம். வெளியே மைனஸ் 4. விரல் மரத்துவிட்டது. ஆட்களில் ஆறு பேர் ரயிலில் வந்தார்கள், வேனில் நானும் ஆசிரியரும் குழுவிலேயே இளைய பெண்ணும்.

அவள் ஈழத் தமிழ்ப் பெண், ஜெர்மனியில் பிறந்தவள். காலையில் நான் தமிழ் என்று தெரிந்ததும், "அண்ணா, நீங்கள் தமிழோ? முதலே சொல்லியிருக்கலாமெல்லோ" என்றாள். அதன் பிறகு வேனில் இரண்டு மொழி ஓடியது. ஆசிரியருக்கு நடுநடுவே நாங்கள் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வரவேண்டியிருந்தது.

லைப்சிக்கில் மாலை நிகழ்ச்சி ஒரு பள்ளி அரங்கில். கடைசி உருப்படிக்கு மட்டும் உள்ளூர் மாணவர்கள் நால்வர் வந்து சேர்ந்தார்கள், ஏனென்றால் அதற்கு 12 செல்லோ வேண்டும். யூலியுஸ் கிளெங்கல் எழுதிய ஹிம்னுஸ். 1920-ல் இசைக்குழு நடத்துநர் ஆர்தர் நிகிஷின் 65-ஆவது பிறந்தநாளுக்காக எழுதியது. கிளெங்கல் இதே லைப்சிக்கில் 1859-ல் பிறந்து, 15 வயதிலேயே கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவில் உட்கார்ந்து, 22 வயதில் முதல் செல்லோ ஆனவர். 1933-ல் இறந்ததும் இதே ஊரில். வாழ்நாள் முழுக்க ஊரை விட்டுக் குடிபெயராத மனிதர், ஆனால் அவரிடம் கற்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அந்தக் கதை பெர்லினில் திரும்ப வரும், அங்கே சொல்கிறேன்.

ஹிம்னுஸ் ஆறேழு நிமிடம்தான். மெதுவாக, ஒரு கோயில் கதவு திறப்பதுபோல ஆரம்பிக்கும். 12 பேரும் ஒரே கருவி, ஆனால் கேட்கும்போது 12 செல்லோ என்று மனதில் நிற்பதில்லை. அடியில் ஆண்குரல்கள், நடுவில் ஒரு கூட்டம், மேலே ஒரு பெண்குரல். செல்லோவின் நான்கு தந்திகள் சி, ஜி, டி, ஏ. நல்ல கை இருந்தால் மனிதக் குரல்களின் எல்லை முழுவதையும், கட்டைக்குரலிலிருந்து உச்சஸ்தாயி வரை, அந்த ஒரே பலகையில் தொட்டுவிடலாம். அதனால்தான் வேறு கருவி எதுவும் இல்லாமல் செல்லோக்கள் மட்டும் சேர்ந்து ஒரு சபை நிறைய வாசிக்க முடிகிறது. வெறும் வயலின்கள் எட்டு சேர்ந்தால் அடி இருக்காது.

நிகழ்ச்சி முடிந்து ஆசிரியர் எல்லாருக்கும் லைப்சிக் லெர்ஹெ வாங்கிக் கொடுத்தார். லெர்ஹெ என்றால் வானம்பாடி. முன்பு நிஜப் பறவையைப் பிடித்துப் பொரித்துத் தின்றிருக்கிறார்கள், 1876-ல் அந்த வேட்டைக்குத் தடை வந்ததும் ரொட்டிக்காரர்கள் பாதாம் விழுது வைத்து அதே பெயரில் ஒரு பலகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். மேலே சிலுவை போல இரண்டு மாவுப் பட்டை, பறவையைக் கட்டிய நூலின் ஞாபகமாக. ஒன்று 3 யூரோ சொச்சம். இரண்டாவதும் சாப்பிட்டேன்.

ஜனவரி 15, புதன், மார்க்நொய்கிர்ஷென்

தெற்கே சுமார் 150 கிலோமீட்டர், செக் எல்லைக்குப் பக்கத்தில். பிளாவன் தாண்டியதும் மலைச்சாலை, பனி. வேனின் சூடேற்றி ஓட்டுநர் கால்களுக்கு மட்டும் அனல் அடித்தது, பின்னால் கருவிகள் இருக்கும் இடத்துக்கு ஒன்றும் போகவில்லை. செல்லோக்களுக்கு இது நல்லதல்ல என்று எனக்கே தெரியும். மணிக்கு 50-ல் போனேன்.

வழியில் அவள் தன் கதையைச் சொன்னாள். அப்பா உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து அப்புறம் சமையல்காரர் ஆனவர், வீட்டில் இசைக் கருவி என்று எதுவும் இருந்ததில்லை. 2007-ல் ரூர் பகுதித் தொடக்கப் பள்ளிகளில் 'ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கருவி' என்று ஒரு திட்டம் வந்தது. முதல் வருடம் எல்லாக் கருவியையும் தொட்டுப் பார்க்கலாம், பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதை வீட்டுக்கு இரவலாகக் கொடுத்துவிடுவார்கள். அவள் செல்லோவைத் தொட்டாள். "மற்ற எல்லாம் காதிலதான் கேட்டுது அண்ணா, இது நெஞ்சில கேட்டுது. உட்கார்ந்து வாசிக்கேக்க பின்பலகை நெஞ்சோட முட்டும்தானே. அதுக்குப் பிறகு வேற ஒண்டும் எடுக்க மனம் வரேல்ல." அம்மாவுக்கு அவ்வளவு பெரிய பெட்டியை அந்தச் சின்ன வீட்டில் எங்கே வைப்பது என்ற கவலை. சாமி அறை வாசலில் வைத்தார்களாம். இரண்டு வருடம் விளக்கு வைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்ததாம்.

தங்கும் விடுதியில் சூடு அபாரம். வெளியே உறைபனி, உள்ளே 24 டிகிரி, தொண்டை காயும் அளவுக்கு வறட்சி. பெட்டிகளை ஒரு மணி நேரம் திறக்காமல் வைக்கச் சொன்னார் ஆசிரியர். திறந்து ஸ்ருதி சேர்த்தால் அவருடைய செல்லோவில் ஒரு கரகரப்பு. கீழ் சி தந்தியில் ஒரு ஈ மாட்டிக்கொண்ட மாதிரி. அவர் முகம் மாறவில்லை. விரல் முட்டியால் கருவியின் விளிம்பு ஓரமாகவே தட்டிக்கொண்டு போனார், டொக், டொக், டொக், ஓரிடத்தில் சத்தம் செத்துவிட்டது. அங்கே மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடம் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது.

நான் பதறினேன். அவர்தான் எனக்கு விளக்கினார். அது வஜ்ஜிரப் பசையால் ஒட்டியது, வேண்டுமென்றே மரத்தைவிட பலவீனமாக ஒட்டுவார்கள். குளிரிலும் வறட்சியிலும் மரம் சுருங்கும்போது எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், ஒட்டு விட்டுக்கொடுக்காவிட்டால் பலகையே பிளந்துவிடும். ஒட்டு விட்டால் திரும்ப ஒட்டலாம், பலகை பிளந்தால் பல ஆயிரம் யூரோ, சத்தமும் பழையபடி வராது. "இந்த ஊரில் விட்டதே நல்லது" என்றார்.

இந்த ஊரில் என்று அவர் சொன்னதன் அர்த்தம் சாயந்தரம் புரிந்தது. சுமார் ஏழாயிரம் பேர் வாழும் ஊர், தெருவுக்குத் தெரு கருவி செய்பவர்கள். 1677-ல் மதத்துக்காக இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவிலிருந்து ஓடிவந்த வயலின் தச்சர்கள் 12 பேர் இங்கே ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள், ஜெர்மன் மண்ணின் முதல் வயலின் தச்சர் சங்கம் அது. அப்புறம் வில் செய்பவர், தந்தி முறுக்குபவர், பிருடை கடைபவர் என்று வேலை பிரிந்து ஊரே ஒரு பட்டறையானது. ஏற்றுமதி எந்த அளவுக்கு இருந்தது என்றால், 1893 தொடங்கி முதல் உலகப்போர் வரை இந்த ஊரில் அமெரிக்கத் துணைத்தூதரகம் இருந்திருக்கிறது. அகதிகளாக வந்த பன்னிரண்டு பேரிலிருந்து.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "ஒட்டுவது ஒரு மணி நேர வேலை, ஆனால் நாளை மறுநாள் காலை வரை கிளாம்ப் எடுக்கமாட்டேன்" என்றார். நிகழ்ச்சியோ நாளை மாலை.

இரவுச் சாப்பாடு பாம்பெஸ். உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிச் சுட்ட அடை, ஆப்பிள் விழுதோடு. 9 யூரோ, மூன்று அடை, ஓரம் மொறுமொறு. பரிமாறிய அம்மா என் தட்டு காலியானதைப் பார்த்து நான்காவது ஒன்றைக் கேட்காமலே போட்டுவிட்டுப் போனார், கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரி 16, வியாழன், மார்க்நொய்கிர்ஷென்

காலையில் குழுவில் பாதிப் பேர் பட்டறைக்குப் போனோம். ஆசிரியரின் செல்லோ மேஜைமேல் படுத்திருந்தது, ஓரம் முழுக்க சின்னச் சின்ன மரக் கிளாம்ப்கள். பார்க்க நோயாளி மாதிரி இருந்ததால் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

குழுவில் ஒருவர் பிரேசிலின் ரெசிஃபேயிலிருந்து வந்தவர். அவருடைய வில்லுக்கு ரோமம் மாற்ற வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டில் வில் செய்பவரிடம் கொடுத்தோம், 75 யூரோ. வில் செய்பவர் மூலையில் அடுக்கியிருந்த சிவந்த குச்சிகளைக் காட்டி, இவை பெர்னம்புகோ மரம், அப்பா காலத்தில் வாங்கியது, 2007-க்குப் பிறகு பன்னாட்டு ஒப்பந்தப்படி மரமாக வாங்கவும் விற்கவும் கட்டுப்பாடு என்றார். பிரேசில்காரர் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார். ரெசிஃபே பெர்னம்புகோ மாநிலத்தின் தலைநகரம். "என் ஊர்ப் பெயரில் இந்த மரம், ஆனால் ஊரில் நான் இதைக் காடாகப் பார்த்ததே இல்லை. முதல்முறையாக இத்தனை துண்டுகள் ஒரே இடத்தில் பார்ப்பது இங்கேதான்" என்றார். சாயத்துக்காகவே கப்பல் கப்பலாக வெட்டிக் கொண்டுபோன மரம் அது, நம்மூர் பதிமுகத்துக்கு உறவு. அந்தச் சாயமரத்தின் பெயர்தான் நாட்டுக்கே பெயரானது. வில் செய்பவர் ஒரு சின்ன வெட்டுத்துண்டை, கட்டைவிரல் அளவு, அவர் கையில் வைத்து மூடினார். பேச்சில்லை.

மதியம் ஒத்திகையில்தான் பிரச்சினை. நிகழ்ச்சியின் நடுநாயகம் பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் 1930-ல் செல்லோக் குழுவுக்காக எழுதிய பாக்கியானாஸ் பிரசிலைராஸ் முதல் எண். எட்டு பேருக்குக் குறைந்தால் வாசிக்க முடியாது. செல்லோ மேதை கசால்ஸுக்குச் சமர்ப்பணம் செய்தது. வில்லா-லோபோஸே செல்லோக்காரர்தான், சின்ன வயதில் அவருடைய அப்பா ஒரு வியோலாவுக்குக் கீழே கம்பி பொருத்தி அதைச் செல்லோ மாதிரி நிறுத்தி வாசிக்கப் பழக்கினாராம்.

இதில் எட்டாவது செல்லோதான் அடித்தளம். அந்த இடம் எப்போதும் என் ஆசிரியருடையது. அவர் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர், அந்தக் காலத்து இசைச் சிறப்புப் பள்ளியில் படித்து, ஒரு சிறிய ஊரின் நாடக அரங்க இசைக்குழுவில் கடைசி வரிசையில் 14 வருடம் உட்கார்ந்திருக்கிறார். பெர்லின் சுவர் விழுந்தபிறகு கிழக்கில் பல இசைக்குழுக்களைச் சேர்த்தார்கள், குறைத்தார்கள், கலைத்தார்கள். அவருடையதும் போனது. 34 வயதில் மறுபடி தேர்வுகளுக்குப் போனார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோ வாசிக்க வேண்டும், பக்கத்து அறையில் 22 வயதுப் பிள்ளைகள் அதையே வாசித்துக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்கும். பதினோரு தேர்வு. பிறகு பாடம் சொல்லித்தர வந்துவிட்டார். இதையெல்லாம் என்னிடம் இதுவரை சொன்னதில்லை, வகுப்பில் தோளை இறக்கு, வில்லை நேராகப் பிடி, அவ்வளவுதான் பேசுவார். நேற்று பனியில் மெதுவாகப் போகும்போதுதான் சொன்னார்.

பட்டறைக்காரர் இரவல் தந்த செல்லோ போன வருடம் செய்தது. மேலே ஏ தந்தி தேன். கீழே சி இன்னும் திறக்கவில்லை, புதுக் கருவிகள் பலவும் இப்படித்தான், வாசிக்க வாசிக்கத்தான் அடிக்குரல் வருமாம். ஆசிரியர் பத்து நிமிடம் முயன்றார். பிறகு எழுந்து, எட்டாவது நாற்காலியில் இருந்த தாள்களை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். "உன் செல்லோவில் அடி இருக்கிறது. நீ போய் உட்கார்." குழுவில் வழக்கமாக முதல் இடம் வாசிப்பது கொரியாவின் தேகுவிலிருந்து வந்த பெண், இந்தக் குழுவில் கையில் அதிக சுத்தம் உள்ளவர் அவர். அவர் உடனே தன் தாளை ஆசிரியரிடம் நீட்டினார். "இந்தக் கருவியின் ஏ தந்தி வீணாகக் கூடாது, நீங்கள் முதல் இடம் வாசியுங்கள், நான் உங்கள் மாணவியின் இடத்துக்குப் போகிறேன்."

அவர் மறுத்தார். நான்கைந்து முறை மறுத்தார். கொரியப் பெண் தாளை மடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளையில் அவள் என்னிடம் வந்து, "அண்ணா, எனக்குப் பயமாக் கிடக்கு. மேல பிழை விட்டா ஒரு ஆள் விட்ட பிழை. கீழ நான் விட்டா எட்டுப் பேரும் விழுவினம்" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

மாலை. ஊர்க்காரர்கள் நூறு பேருக்கு மேல், பாதிப் பேர் கருவி செய்பவர்கள் என்பதால் இருமல்கூட இல்லை. இரண்டாவது பகுதி மொடின்யா, பிரேசிலின் பழைய காதல்பாட்டு வகை. அதில் முதல் செல்லோ தனியாக ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு போகும். என் ஆசிரியர் வாசித்தார். ஆறு வருடமாக அவரிடம் கற்கிறேன், அவர் எனக்காக வாசித்துக் காட்டியதெல்லாம் நான்கு தாள அளவு, எட்டு தாள அளவு, என் பிழையைத் திருத்துவதற்காக. ஒரு முழு மெட்டை அவர் தனக்காக வாசித்து நான் கேட்டதில்லை. வேகம் எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி யோசித்துவிட்டுச் சொல்லும் வயதான மனிதரின் பேச்சு போல இருந்தது. அவர் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் அடியில் அவள் இருந்தாள், அவரையே பார்த்துக்கொண்டு, அவர் மூச்சு எடுக்கும்வரை சி தந்தியை விடாமல் பிடித்துக்கொண்டு. தம்புரா இல்லாத மேடையில் தம்புரா.

பட்டறைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மொடின்யா முடிந்ததும் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார், அவர் கைக்குட்டையை எடுத்தார்.

ஜனவரி 17, வெள்ளி, கோத்தன்

காலையில் செல்லோவை வாங்கிக்கொண்டோம், கரகரப்பு போயிருந்தது. ஒட்டியதற்கு 40 யூரோ கேட்டார், இரவல் தந்ததற்கு எதுவும் வாங்கவில்லை. "அதை யாராவது அப்படி ஒருமுறை வாசித்துவிட்டால் அதன் விலை எனக்குக் கூடும்" என்றார்.

நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து இரண்டரை மணி நேரம் நின்றோம். டீசல் தீர்ந்துவிடுமோ என்று இயந்திரத்தை நிறுத்தினேன், கண்ணாடி உள்ளிருந்தே பனி பிடித்தது, ஆசிரியர் தன் மேலங்கியைக் கழற்றிக் கருவிகள்மேல் போட்டார். பக்கத்துக் காரில் இருந்த ஒரு தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு இறங்கிவந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்கள். சர்க்கரை இல்லாத கடுங்காபி, இந்தப் பயணத்திலேயே ருசியானது அதுதான். ரயிலில் வந்தவர்களுக்கும் இணைப்பு தவறி அவர்களும் தாமதம்.

கோத்தன் சிறிய ஊர், நாலு மணிக்கே இருட்டு. ஆனால் செல்லோக்காரர்களுக்கு இது யாத்திரைத் தலம் மாதிரி. 1717 முதல் 1723 வரை இசையமைப்பாளர் பாக் இங்கே அரண்மனை இசைத்தலைவர். தனிச் செல்லோவுக்கான ஆறு சூட்டுகளும், அதாவது நடனத் துண்டுகளின் தொகுப்புகளும், இந்தக் காலத்தவை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அவர் கையெழுத்துப் படி கிடைக்கவில்லை, இன்று நாம் வாசிப்பதற்கு முக்கிய ஆதாரம் மனைவி அன்னா மக்டலேனா எடுத்த நகல்.

எனக்கு இதில் பிடித்தது வேறொரு விஷயம். பாக்குக்கு இந்தச் சின்ன ஊரில் அவ்வளவு நல்ல வாத்தியக்காரர்கள் எப்படிக் கிடைத்தார்கள்? 1713-ல் பிரஷ்யாவில் புது அரசர் பதவிக்கு வந்ததும் செலவு என்று பெர்லின் அரண்மனை இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். வேலை போனவர்களில் சிலரை கோத்தனின் இளவரசர் லியோபோல்ட் அழைத்துக்கொண்டார், அவர் தானே வாத்தியம் வாசிப்பவர். சூட்டுகளை முதலில் யாருக்காக எழுதியிருக்கலாம் என்ற பேச்சில் வரும் பெயர்களில் ஒருவர் லினிகெ, அப்படி பெர்லினிலிருந்து வந்த செல்லோக்காரர். இதை நான் வண்டியில் சொன்னபோது ஆசிரியர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கலைத்துவிட்டார்கள், ஆனால் யாரோ அழைத்தார்கள்" என்றார்.

நிகழ்ச்சி ஒரு தேவாலயத்தில். தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம், ஒத்திகைக்கு நேரமில்லை. உள்ளே 11 டிகிரி. தந்திகள் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கின. தரை வழவழவென்ற பழங்கல், செல்லோவின் அடிக்கம்பி ஊன்ற இடமில்லை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கருவி முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கென்று இருக்கும் பட்டைகளை விடுதியில் மறந்துவிட்டோம். நானும் தேவாலயப் பொறுப்பாளரும் வாசலில் கிடந்த கால்மிதிகளை எடுத்து, மூன்றாக வெட்டட்டுமா என்று நான் தயங்கும்போதே அவர் கத்தியை எடுத்துவிட்டார். "கால்மிதி 12 யூரோ. இவர்கள் வந்தது பெரிது."

கேட்க வந்தவர்கள் 31 பேர். எண்ணினேன். யாரும் கோட்டைக் கழற்றவில்லை. வாசிப்பும் இன்று சுமார்தான், விரல்கள் வளையவில்லை, மூன்றாவது பகுதியில் ஓரிடத்தில் எல்லாரும் தனித்தனியாகப் போய் எப்படியோ திரும்பி வந்து சேர்ந்தார்கள். பழைய செல்லோ திரும்பக் கிடைத்தும் ஆசிரியர் எட்டாவது இடத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

முடிந்ததும் 31 பேரில் ஒரு பாட்டி பெரிய பாத்திரத்தில் பட்டாணி சூப் கொண்டுவந்திருந்தார், பேரன் தூக்கிக்கொண்டு வந்தான். எட்டுப் பேரும் கிண்ணத்தைக் குடிப்பதற்கு முன் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

ஜனவரி 18, சனி, பெர்லின்

காலையில் நேரம் இருந்ததால் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் அரங்கமான பில்ஹார்மோனி கட்டடத்தை வெளியே இருந்து காட்ட வேனைத் திருப்பினேன். ஷாரௌன் வடிவமைத்து 1963-ல் திறந்தது, மஞ்சள் நிறக் கூடாரம் மாதிரி. ஓரமாக ஆறு நிமிடம் நிறுத்தியதற்கு 25 யூரோ அபராதச் சீட்டு. சரி, போகட்டும்.

இங்கே வந்து நின்றதற்குக் காரணம் உண்டு. 1972-ல் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் செல்லோக்காரர்கள் 12 பேரும் சேர்ந்து ஒரு வானொலி ஒலிப்பதிவுக்காகக் கிளெங்கலின் ஹிம்னுஸை வாசித்தார்கள். அதிலிருந்துதான் '12 செல்லோக்காரர்கள்' என்ற குழு பிறந்தது, இன்றுவரை ஆள் மாறி மாறித் தொடர்கிறது. 12 செல்லோவுக்கு அப்போது கையில் அதிகம் இல்லாததால் இசையமைப்பாளர்கள் அவர்களுக்காகவே எழுத ஆரம்பித்தார்கள். உலகில் இன்று இத்தனை செல்லோக் குழுக்கள் இருப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு.

லைப்சிக்கில் விட்ட கதை இது. எங்கள் குழுவில் உக்ரைனின் கார்கிவிலிருந்து 2022 மார்ச்சில் வந்த ஒருவர் இருக்கிறார். ரயிலில் இடம் இல்லாததால் தன் செல்லோவை அங்கேயே விட்டுவந்தவர், இன்று வாசிப்பது ஒருவர் இரவல் கொடுத்தது. ஐந்து நாளில் அவர் மொத்தமாகப் பேசியது கொஞ்சம்தான். பில்ஹார்மோனி வாசலில் அவராகவே பேசினார். இந்த இசைக்குழுவில் 1924 முதல் 1929 வரை முதல் செல்லோ கிரிகோர் பியாட்டிகோர்ஸ்கி. பிறந்த ஊர் இன்றைய டினிப்ரோ. 1921-ல் எல்லை தாண்டித் தப்பியபோது செல்லோவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1929 முதல் இதே பெர்லினில் பேராசிரியராக இருந்த இன்னொருவர் இமானுவேல் ஃபொயர்மான், பிறந்தது கொலொமியா, 1933-ல் யூதர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, 1942-ல் நியூயார்க்கில் 39 வயதில் இறந்தார். இருவரும் லைப்சிக்கில் கிளெங்கலிடம் போய்ப் படித்தவர்கள். "இரண்டு ஊரும் இன்று எங்கள் நாட்டில்" என்றார் கார்கிவ்காரர். "ஊரை விட்டுக் குடிபெயராத ஒருவரிடம், ஊரை விட்டு வந்தவர்கள். ஹிம்னுஸ் வாசிக்கும்போது எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வரும்."

லைப்சிக்கில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தது இப்போது புரிந்தது.

நிகழ்ச்சி பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் ஒரு சின்ன அரங்கில், 150 இருக்கை, நிறைந்துவிட்டது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள், கையில் மூன்று அடுக்குப் பாத்திரம். ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் உடைமாற்றும் அறையில் பிட்டு, சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு. "தம்பி, நீங்களே வேன் ஓட்டினது? வடிவாச் சாப்பிடுங்கோ, முகம் வாடிக் கிடக்கு" என்று அம்மா எனக்கு இரண்டாவது முறை வைத்தார். ஆசிரியருக்கு எப்படிச் சாப்பிடுவது என்று அப்பா கையால் பிசைந்து காட்டினார், ஆசிரியர் அப்படியே செய்தார், வில் பிடிக்கும் அதே கவனத்தோடு. கொரியப் பெண் சம்பலை மூன்று முறை கேட்டு வாங்கினார்.

அரங்கில் அவளுடைய அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எங்கே உட்காருவாள் என்று கேட்டார். வலது ஓரம், எட்டாவது என்றேன். "கடைசியோ?" என்று அவர் கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியது. கடைசி இல்லை ஐயா, அடி என்றேன். "அவள் விட்டால் எல்லாரும் விழுவார்கள்." அவர் தலையாட்டினாலும் நம்பியதாகத் தெரியவில்லை.

மொடின்யா ஆரம்பித்து, ஆசிரியரின் மெட்டு ஏறி, ஓரிடத்தில் மேலே எல்லாமே அடங்கி, அந்த ஒற்றை அடிநாதம் மட்டும் தரைப்பலகை வழியாக எங்கள் கால்களுக்கு வந்தது. அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், கடைசிவரை விடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு, டிரெஸ்டன்

மழை. எல்லாருக்கும் தூக்கம், யாரும் பேசவில்லை. ஒவ்வொருவராக வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். பிரேசில்காரர் இறங்கும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அந்த மரத்துண்டு அதில்தான் இருந்தது.

கடைசியாக ஆசிரியர். அவருடைய செல்லோவை மூன்றாவது மாடிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், கதவுக்குள் வைத்ததும் பெட்டியைத் திறந்து விளிம்பு ஓரமாக முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக், டொக், டொக். முழுச் சுற்று. எங்கும் சத்தம் சாகவில்லை.

"வியாழன் வகுப்பு உண்டு" என்றார். "வரும்போது பாக்கியானாஸ் எட்டாவது தாளைக் கொண்டுவாருங்கள். வேனில் முன்பக்கப் பெட்டியில் ஒரு பிரதி இருக்கிறது."

வேனைத் திருப்பிக் கொடுக்கும் முன் எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் பிட்டுக் கறை. மேலே அவள் பென்சிலில், தமிழில், குறித்துவைத்திருந்தாள்: இங்கே சேரைப் பார். அவள் தமிழில் சேர் என்றால் ஆசிரியர்.

இப்போது அது என் செல்லோ பெட்டிக்குள் இருக்கிறது.